பொட்டு வைத்த பாப்லர்

உலகத்தில் உள்ள அத்தனை கிருமிகளும் தன்னைத் தேடித்தான் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி வருகின்றன என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஸ்பிரிட் சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் குமாஸ்தா. அவர் அங்கே ஆராய்ச்சியாளர். பாப்லர் என்ற குளிர்தேசத்து மரத்தின் இலையை நறுக்கி, ஒரு பாக்டீரியா மூலம் அதற்குள் புது மரபணுவை ஏற்றி, பாட்டிலில் வைப்பார். அந்தத் துண்டிலிருந்து தளிர் வர வேண்டும். வேண்டாத கிருமி நுழைந்தால் பாட்டில் முழுக்கப் பூஞ்சணம்தான். அதனால் கை, மேசை, கதவுப்பிடி, என் பேனா எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் வாழையிலையையும் துடைத்தார். சாம்பார் வாளியோடு வந்தவர் மோந்து பார்த்துவிட்டு, பெண் வீட்டாரிடம் போய்ப் புகார் சொன்னார்.

நம் ஊர் வெயிலில் இந்த மரம் வளருமா என்று கேட்டால், வளராது என்பார், ரொம்பச் சந்தோஷமாக. மரபணுவை அடம்பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும் மரம் இதுதானாம்.

ஆனால் தளிர்தான் வந்தபாடில்லை. பொங்கலுக்குள் ஒரு செடியாவது எழும்பாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். சார் பாட்டில்களிடம் கெஞ்ச ஆரம்பித்தார். ஆயுதபூஜை சமயத்தில், ஒரே ஒரு துண்டில் பச்சையாக ஒரு தளிர் தலைகாட்டியது.

பூஜையன்று சார் ஸ்பிரிட் வாங்கப் போயிருந்தார். அட்டெண்டர் வள்ளியம்மா பிள்ளையார்பாளையத்துக்காரர். தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகிய கை. மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், என் ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் வைத்தார். அடுத்து பாட்டில்களின் முறை. கண்ணாடி மேல் வைத்தால் செடிக்கு எப்படிப் போய்ச் சேரும்? மூடிகளைத் திறந்து, அந்தத் தளிர் உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

திரும்பி வந்த சார், ஸ்பிரிட் பாட்டிலைக் கீழே வைக்காமலே, பொட்டு வைத்த பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"தெனம் அதுங்ககிட்டயே பேசிக்கினு இருக்கீங்க சார். கண்ணு பட்டுடும்னுதான் வச்சேன்" என்றார் வள்ளியம்மா. விஷயம் புரிந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

சார் திட்டவில்லை. தளிரை எடுத்து, மருந்தில் குளிப்பாட்டி, நுனியை மட்டும் வெட்டிப் புதுப் பாட்டிலில் வைத்தார். மற்ற பாட்டில்களில் பூஞ்சணம் பஞ்சுமிட்டாயாகப் பொங்கியது. அந்த நுனி மட்டும் தப்பித்து இலை விட்டது. மரபணு ஏறியிருந்தால், சோதனையில் இலை நீலமாக மாறும். மாறியது.

"நல்லா புடிச்சிருக்குது. சாயம் போவுமா சார்?" என்று கேட்டார் வள்ளியம்மா.

போகாது என்று சார் சத்தியம் செய்தார்.

பொங்கலுக்கு முன்னால் மேலதிகாரி வந்தார். செடியைப் பார்த்துவிட்டு, யார் வளர்த்தது என்று கேட்டார். பொட்டு சமாச்சாரம் தெரிந்தால் அங்கேயே மூடிவிடுவார். நான் சாருக்குக் கண்ணைக் காட்டினேன். அவரோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வள்ளியம்மாவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நானும் இவங்களும்தான் சார். வெட்டி வச்சது நானு. வேண்டிக்கினது இவங்க."

மேலதிகாரி சிரித்துவிட்டார். ஆராய்ச்சி பிழைத்தது. அந்தக் கிறுக்கு மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.