முள்ளோடு மீன் தின்றவள்

பொய்களிலேயே ஆபத்தானது நல்ல மனசோடு சொல்கிற பொய்தான். கெட்ட பொய் மாட்டிக்கொண்டால் திட்டோடு போய்விடும். நல்ல பொய் சொன்னால் இன்னொரு கரண்டி போடுவார்கள்.

அப்போது நான் திண்டிவனத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றேழோ, தொண்ணூற்றெட்டோ. ஒலக்கூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. என் பெஞ்சுத் தோழி மலர்க்கொடி மரக்காணத்தைத் தாண்டி ஒரு கடற்கரைக் குப்பத்துப் பெண். ஆயுத பூஜை லீவுக்குத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பினாள்.

"புரட்டாசி மாசம். நீ அரியர் பேப்பரு பாஸாவணும்னு பெருமாளுக்கு வேண்டிக்கினு கீறேன். மீனு பக்கம் தலவச்சிக்கூட படுக்கக்கூடாது."

மீனவர் குப்பத்துக்கு அனுப்பிவிட்டு மீன் பக்கம் போகாதே என்று சொல்ல எங்கம்மாவால்தான் முடியும். நானும் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் ஜன்னலோரம் வாயைப் பிளந்தபடி வந்தேன். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. உப்பளத்துப் பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். (நான் "ஐயோ!" என்று கத்தியதில் மலருக்கு இன்றைக்கும் வெட்கம்.)

வாசலிலேயே மலரின் அம்மா அஞ்சலை என் கன்னத்தை வழித்தார். மரக்காணத்துச் சந்தையில் மீன் விற்கிறவர்; மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"வா கண்ணு! மீனு துன்னுவ இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது: "மீனுன்னா உயிரும்மா."

அந்த உயிருக்காக மலரின் அப்பா ஏழுமலை, அன்று வலையில் வந்த பெரிய வஞ்சிரத்தை விற்காமல் வைத்திருந்தார். மதியம் என்னை மட்டும் முதலில் உட்கார வைத்தார்கள். மலர் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். குழம்பு வந்தபோது, "வறுவல் போதும்மா, ரசம் இருந்தா ஊத்துங்க" என்று சமாளித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டுகள் தட்டில் விழுந்தன. அஞ்சலை அடுப்புப் பக்கம் திரும்பியதும், மடியில் துப்பட்டாவுக்குக் கீழே ஒளித்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் இரண்டையும் தள்ளினேன்.

திரும்பியவர் தட்டைப் பார்த்துத் திகைத்தார். "அதுக்குள்ளயா? இன்னா கண்ணு, முள்ளக் கூட காணோம்!"

முள்ளைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. "முள்ளு... நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சும்மா" என்றேன்.

அவருக்கு வந்ததே சந்தோஷம்! இன்னும் இரண்டு. அப்புறம் ஒரு தலை. எல்லாம் மாயமாக மறைந்தன. அஞ்சலை வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்: "யக்கா, இங்க வந்து பாரு! படிக்கிற பொண்ணு, வஞ்சிரத்த முள்ளோட துன்னுது!" பக்கத்து வீட்டு அக்காள் இடுப்புக் குழந்தையோடு வந்து என் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம், காற்று வாங்கப் போவதாகச் சொல்லிப் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கிளம்பினேன். சவுக்குத் தோப்பில் புதைத்துவிடுவதாகத் திட்டம். பத்தடி போனதும் பின்னால் ஒரு பூனை. அப்புறம் ஒரு நாய். தெரு முனையில் திரும்பிப் பார்த்தால் குப்பத்து நாய்களெல்லாம் ஊர்வலமாக வருகின்றன, மேலே காக்கைகள். நான் ஓடினேன். நாய்களோடு போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் படிக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு செவலை நாய் தாவிப் பையைக் கவ்வியது. வலை பின்னிக்கொண்டிருந்த ஏழுமலையின் காலடியில் வஞ்சிரத் துண்டுகள் சிதறி விழுந்தன.

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மலர் மணலைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"எங்க வூட்டுல துன்ன உனக்குப் புடிக்கலன்னா சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

அதுவரை சிரிப்பாகவே இருந்த விஷயம் அந்த ஒரு வரியில் வேறாகிவிட்டது. நான் அழத் தொடங்கினேன். விக்கலுக்கு நடுவே "புரட்டாசி... பெருமாள்... அரியர்..." என்று மூன்று சொற்கள்தான் வெளியே வந்தன.

பின்னாலேயே வந்த அஞ்சலைக்கு அந்த மூன்று போதும். மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! முள்ளு தொண்டையில மாட்டிக்குமேன்னு நான் மதியத்துலேந்து வாழப்பழத்த வச்சிக்கினு குந்திக்கினு கீறேன்!" ஏழுமலையும் சிரித்தார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மலரும்.

இதற்குப் பிறகு அஞ்சலை செய்ததைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் இருக்க மாட்டேன். சட்டி பானைகளை எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். மீன் படாத புதுச் சட்டி ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்தார். நான் இருந்த நாட்களெல்லாம் அந்த வீட்டில் முருங்கைக்கீரையும் கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும்தான். எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். "நீங்க மீன் சாப்பிடுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"வந்த பொண்ணு ஒண்ணு துன்னும், நாங்க ஒண்ணு துன்னுவமா? நல்லா கீதே!" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மீன் இல்லாமல் ஒரு வேளையும் சாப்பிட்டறியாத ஏழுமலை, கீரையைப் பிசைந்தபடி, "கடலுக்குப் போயி முருங்கக்கீரைய புடிச்சிக்கினு வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்றார். ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு பெரிய மனசை அதற்குப் பிறகு நான் எந்த மாடி வீட்டிலும் பார்க்கவில்லை.

(அரியர் பேப்பர் பாஸ். பெருமாளா, முருங்கைக்கீரையா, தெரியாது.)

விழுப்புரத்தில் என் கல்யாணத்துக்கு அஞ்சலை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். மேடை ஏறி, மண்டபத்துக்கே கேட்கும்படி மாப்பிள்ளையிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அன்றிலிருந்து, உறவினர் வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்தால் போதும், என் கணவர் காதோரம் குனிந்து, "முள்ளு எங்க?" என்பார்.

போன மாதம் என் மகள் முதன்முதலாக சாம்பார் வைத்தாள். உப்பே இல்லை. "பிரமாதம்டி!" என்றேன்.

அவள் கரண்டியோடு நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "முள்ளு எங்கம்மா?"