மஞ்சள் கோட்டின் வாயை அடைப்பவர்

கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் எச்சரிக்கை அடக்கிகள் என்றோர் இனம் உண்டு. பெரம்பலூரில் செல்போன் கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் அந்த இனத்தின் பிரதிநிதி அறிவரசன் சார்.

ஜாவா நிரலில் சந்தேகமான இடம் இருந்தால், அதைச் சரிபார்க்கும் கம்பைலர் மஞ்சள் கோடு போட்டு எச்சரிக்கும். நீங்களும் நானும் என்னவென்று பார்ப்போம். சார்? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை நெட்டி முறித்து, “இதுக்கு வேற வேலையே இல்ல” என்று சலித்துக்கொண்டு, கோப்பின் தலையில் ‘சப்ரஸ் வார்னிங்ஸ்’ என்று தட்டுவார். இனி எதற்கும் வாய் திறக்காதே என்று கம்பைலருக்கு அது கட்டளை. மஞ்சள் மறையும். டீ வரும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையில் நிற்கும் ஒரு யார்டுக்கு டோக்கன் மென்பொருள் செய்தோம். வெள்ளோட்டம் சரியாகப் போனால்தான், பயிற்சியில் இருந்த வேணிக்கு வேலை நிரந்தரம்.

“சார், பட்டியல்ல வெறும் நம்பர்தான் இருக்கும்னு உறுதியில்லன்னு எச்சரிக்குதுங்க.”

“டோக்கன்ல நம்பர் இல்லாம நாத்தா நடுவாங்க? அடக்கிட்டுப் போம்மா.”

அடக்கினார்கள். ஆனால் அந்த யார்டில் ஒரு வழக்கம்: சாப்பிடப் போய் முறையைத் தவறவிட்ட டிரைவரைக் கடைசிக்கு விரட்டுவதில்லை, பன்னிரண்டாம் லாரி போய்க்கொண்டிருந்தால் அதன் பின்னால் ‘12ஏ’ என்று செருகிவிடுவார்கள். வெள்ளோட்டத்தன்று டிரைவர் ராஜதுரை சாப்பிட்டுவிட்டு வந்தார். 12ஏ பட்டியலுக்குள் போனது. வரிசைப்படுத்தப் பார்த்த மென்பொருள் அப்படியே நின்றது. லாரிகள் அலறின.

“சோத்துக்குப் போனது ஒரு குத்தமாங்க? உங்க பொட்டி மயங்கிடுச்சே!” என்றார் ராஜதுரை.

“சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா மூட்டை கட்டிடுங்க” என்றார் யார்டு மேனேஜர்.

வேணி கோப்பின் தலையிலிருந்த கட்டளையை நீக்கினாள். மஞ்சள் கோடுகள் கொட்டின. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினாள். ஆபத்தில்லை என்று சோதித்துத் தெளிந்த ஓரிடத்தில் மட்டும் காரணத்தை எழுதி அடக்கினாள். பொழுது சாய்வதற்குள் வரிசை நகர்ந்தது. வேலையும் நிரந்தரமானது.

சார் அந்த ஓரிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “பாத்தியா, நீயும் அதத்தான போட்டுருக்க!”

“பாத்துட்டு, அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டேங்க சார். நீங்க பாக்கக் கூடாதுன்னு மொத்தத்துக்கும் போட்டீங்க.”

சாரும் திருந்திவிட்டார். இப்போதெல்லாம் அவரும் காரணம் எழுதித்தான் அடக்குகிறார். நேற்றைய கோப்பில் பார்த்தேன். ‘காரணம்: தொந்தரவு.’

சிரிக்கிறீர்களா? பைக்கில் பெட்ரோல் விளக்கு எரிகிறதே என்று பின்னால் இருந்தவர் சொன்னபோது, “அது எப்பவும் அப்படித்தான் எரியும்” என்றது யார்?