செவலைப் பசுவும் கைராசித் தாயத்தும்

உலகத் தமிழ் மாநாடு முடிந்த வருஷம் மதுரையில் தோல்வி என்ற சொல்லே ஒழிந்துபோயிற்று. ஒழித்தவர் கைராசி சுவாமிகள். வண்டியூர் தெப்பக்குளத்தின் மேல்கரையில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, புலித்தோல் மாதிரி அச்சடித்த பெட்ஷீட்டில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் ஜெயம் தருகிற மகானுக்குச் சொந்தமாக ஒரு வீடு அமையாதது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் தாங்காது. டவுன் பஸ் கண்டக்டர் தெப்பக்குளம் ஸ்டாப்பில் “கைராசி எல்லாம் இறங்கு!” என்றே கூவினார். பரீட்சை எழுதுகிறவன், வழக்காடுகிறவன், தேர்தலில் நிற்கிறவன், சேவல் சண்டைக்குப் போகிறவன் என்று வரிசை நீண்டது. ஒரு நாள் சேவலே வந்து நின்றது.

எல்லோருக்கும் ஒரே தாயத்து. செம்புக் குழாய், கறுப்புக் கயிறு. நியமம் இரண்டு. சுவாமிகளின் புகழை ஊரெல்லாம் பரப்பலாம். ஆனால் தாயத்து கட்டியிருப்பதை மட்டும் வெளியே மூச்சு விடக்கூடாது, அரைஞாண் கயிற்றில் மறைத்துக் கட்ட வேண்டும். அடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் அதைச் செவலைப் பசுவின் பாலில் நனைக்க வேண்டும். ஜெயித்தவன் தாயத்தால் ஜெயித்தான். தோற்றவன் நியமம் தவறினான். சரக்கில் பழுது என்று திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத இந்த வியாபாரம் மாசி வீதி முதலாளிகளுக்குக்கூடத் தெரியாது.

இனி ஆனையூருக்கு வருவோம். அங்கே விருமாண்டியின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் ரம்மி ஆடுவார்கள். பந்தயம் பருத்திப்பால். ஆட்டத்தில் கடைசியாக வருகிறவன் மற்ற நாலு பேருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சொத்தை வைத்து ஆடுகிற ஆட்டமல்ல. ஆனால் ஐவரில் ஒருவனான காசிமாயனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. வாரா வாரம் தூக்குப்போணியோடு நடந்தது அவன்தான். பருத்திப்பால்காரர் அவன் தலையைக் கண்டதும் ஒன்றும் கேட்காமலே போணியைக் கை நீட்டி வாங்கினார். அந்த அவமானம்தான் அவனைத் தின்றது.

அந்த ஐவரில் அடிக்கடி ஜெயிக்கிறவர் ரெடிமேட் துணிக்கடை ஜலீல் பாய். அவரிடமே கேட்டான்.

“பாய், ஒங்களுக்கு மட்டும் எப்பிடி அமையுது? தர்காவுல எதும் ஓதிக் கட்டுனீகளா?”

“ஒரு மண்ணும் இல்ல மாப்ள. கை மோசமா வந்தா நான் மொத சுத்துலயே ஸ்கூட்டுன்னு சீட்டக் கவுத்து வச்சிருவேன். நீ, வரும் வரும்னு கடைசி வரைக்கும் உக்காந்திருப்ப. கீழ விழுகுற சீட்டயாச்சும் பாக்குறியா? போன வாரம் இஸ்பேட் எட்டு ரெண்டும் கீழ போயிருச்சு. நீ அந்த எட்டுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த.”

காசிமாயனுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. புகை இல்லை, மந்திரம் இல்லை, காணிக்கையும் இல்லை. சும்மா கிடைக்கிற புத்தியில் என்ன சக்தி இருக்க முடியும்? பாய் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினான். அடுத்த செவ்வாய் தெப்பக்குளத்து வரிசையில் நின்றான்.

தாயத்து கட்டிய முதல் ஞாயிறு அவனுக்குக் கை நன்றாக விழுந்தது, ஜெயித்தான். அதற்கப்புறம் பழையபடி போணிதான். அழாத குறையாகச் சுவாமிகளிடம் ஓடினான். அவர் கண்ணை மூடி, திறந்து, “உன் வீட்டில் செவலை நிறத்தில் ஒரு பசு நிற்கிறதா?” என்றார்.

“ஆமா சாமி! எப்பிடிச் சொன்னீக?”

போன தடவை பாலுக்கு என்ன செய்வாய் என்று சிஷ்யன் சங்கிலி விசாரித்ததும், வீட்டிலேயே செவலை நிற்கிறது என்று தானே பெருமையாகச் சொன்னதும் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

“அதுதான் தடை. தாயத்து கட்டியவன் தொழுவத்தில் செவலை நிற்கலாகாது. கோதானம் செய்துவிடு.”

“யாருக்கு சாமி?”

“எங்கேயும் அலையாதே. இங்கேயே கொண்டுவந்து கட்டு.”

காசிமாயன் வேலை பார்த்த மில்லில் அப்போது பாதி நாள்தான் வேலை. மீதி நாளில் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது செவலை கறந்த பாலால். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அதனால்தான். அவன் வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஜெயக்கொடி பால் செம்பை ணங்கென்று கீழே வைத்தாள்.

“ஏங்க, ஒரு தம்ளர் பருத்திப்பாலுக்குப் பசுமாட்டையே குடுக்கப் போறீகளா? அந்தப் பருத்திப்பாலை நானே காச்சித் தாரேன், அண்டா அண்டாவாக் குடிங்க!”

“ஒனக்கு என்ன தெரியும்? மானம் போகுதுடி.”

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மாடு போனால் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டத்தான் போக வேண்டும். அழுதாள். அழுது முடித்தபின் யோசித்தாள். தாயத்து, செவலைப் பால், வெள்ளிக்கிழமை... கொஞ்ச நாளாகவே வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேர் ஆளுக்கொரு தம்ளரோடு வந்து, செவலைப் பால்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். விருமாண்டி பெண்சாதி மருந்துக்கு என்றாள். ரேஷன் கடை வெள்ளைத்துரை பெண்சாதி பூசைக்கு என்றாள். லாரி டிரைவர் கருப்பின் பெண்சாதி கண் வலிக்கு என்றாள். மூன்று வீட்டு ஆண்களும் ஒரே சீட்டு ஜமா!

மறு வெள்ளிக்கிழமை மூன்று பெண்களையும் மடக்கிக் கேட்டதில் குட்டு வெளிப்பட்டது. ஜலீல் பாய் ஒருவரைத் தவிர மற்ற நாலு பேர் இடுப்பிலும் அதே செம்புக் குழாய். ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன் கட்டிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயக்கொடி புருஷனிடம் போய், “சரிங்க, மாட்டக் குடுத்துருவோம். தானம்னா சாட்சி வேணும். ஒங்க கூட்டாளிகளையும் கூப்புடுங்க. சீட்டுக்கட்டையும் எடுத்துக்கங்க, சாமி தொட்டுக் குடுக்கட்டும்” என்றாள். அவன் பூரித்துப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஆனையூரிலிருந்து தெப்பக்குளத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் செவலை, அதன் கயிற்றைப் பிடித்தபடி ஜெயக்கொடி, பின்னால் முகத்தில் பக்தியும் மடியில் ரகசியமுமாக நாலு வீரர்கள். ஜலீல் பாய் மட்டும் கடையைப் பார்க்க நின்றுவிட்டார். மாட்டைக் கண்டதும் சுவாமிகள் எழுந்தே நின்றுவிட்டார். தினமும் பாலில்லாத கருப்பட்டிக் காப்பி குடித்துச் சலித்தவர்.

“சாமி, எங்க வீட்டுக்காரர் சீட்டுல ஜெயிப்பாரா?” என்று ஜெயக்கொடி பணிவாகக் கேட்டாள்.

“நிச்சயம் மகளே.”

“இந்தா நிக்கிற விருமாண்டி அண்ணே? வெள்ளைத்துரை அண்ணே? கருப்பண்ணே?”

“என் தாயத்து கட்டியவன் எவனுக்கும் தோல்வியில்லை!” என்று சுவாமிகள் கையைத் தூக்கினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“ரொம்பச் சந்தோசம் சாமி. நாலு பேரும் ஒரே ஜமாதான். இங்கனயே உக்காந்து ஒரு ஆட்டம் ஆடட்டும். நாலு பேரும் ஜெயிக்கட்டும். மாட்ட இந்த வேப்பமரத்துலயே கட்டிட்டுப் போறேன்.”

நாலு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாப்ள, நீயுமாடா?”

“அண்ணே, நீங்களுமா?”

சுவாமிகள் தொண்டையைச் செருமினார். “இது சந்நிதானம். இங்கே சூது கூடாது.”

“தாயத்து கட்டையில சூதுன்னு தெரியலயா சாமி?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. வேடிக்கை பார்ப்பதென்றால் நம் ஜனங்களுக்குப் பக்தியைவிட ஒரு பிடி அதிகம்தான். சீட்டைப் போடு, போடு என்று கத்தினார்கள்.

ஆடினார்கள். விருமாண்டி ஜெயித்தான். காசிமாயன் வழக்கம்போலக் கடைசி.

“கண்டீர்களா! தாயத்து வென்றது!” என்று சுவாமிகள் குதித்தார்.

“தோத்த மூணு தாயத்து யாரு கட்டுனது சாமி?” என்றாள் ஜெயக்கொடி.

“அவர்கள் நியமம் தவறினார்கள். செவலைப் பாலில் நனைத்திருக்க மாட்டார்கள்.”

“நாலு தாயத்துக்கும் பாலு குடுத்தது நாந்தான். இந்தா நிக்கிற இதே மாடு. ஜெயிச்ச அண்ணனுக்கும் இந்தப் பாலுதான், தோத்தவுகளுக்கும் இந்தப் பாலுதான்.”

“அப்படியானால் பாலில் நீ தண்ணீர் கலந்திருக்கிறாய்!”

“கலந்தா நாலுலயும்தான கலந்திருக்கும்? பெறகு ஒண்ணு மட்டும் எப்பிடி ஜெயிச்சுச்சு?” ஜெயக்கொடியின் குரல் உயர்ந்தது. “ஆட்டத்துல யாராச்சும் ஒருத்தர் ஜெயிக்கத்தான் செய்வாக. அதுக்கு நீங்க எதுக்கு, தாயத்து எதுக்கு? ஏங்க வரிசையில நிக்கிறவுகளே! ஒரே வழக்குல ரெண்டு பக்கத்தாளும் இங்கன இருக்கீகளா? இருந்தா இடுப்பத் தொட்டுப் பாத்துக்கங்க!”

சோழவந்தானிலிருந்து வந்திருந்த கருத்தக்கண்ணனும் முத்துக்கருப்பனும் வெற்றிலைக் கொடிக்கால் வரப்புக்காக ஆறு வருஷமாக வழக்காடுகிற பங்காளிகள். ஒருவர் வந்தது ஒருவருக்குத் தெரியாமல் வரிசையின் இரண்டு முனையில் நின்றார்கள். இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் இடுப்புக்குப் போயிற்று.

“அடப்பாவி, எனக்கும் ஜெயம்னான், ஒனக்கும் ஜெயம்னானா?” என்று கேட்ட கருத்தக்கண்ணன், ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் பங்காளியின் தோளில் கை போட்டார். இருவரும் சேர்ந்து சுவாமிகளை நோக்கி நடந்தார்கள். பின்னாலேயே சேவல்காரனும் எதிர்ச் சேவல்காரனும் வந்தார்கள்.

சுவாமிகள் திடீரென்று மௌன விரதம் பூண்டார். உண்டியலோடு சங்கிலி எப்போது போனான் என்பது யாருக்கும் தெரியாது. கொல்லைப்புறச் சுவரை ஏறிக் குதித்த சுவாமிகளை வேட்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தவன் கருப்பு. வேட்டி மட்டும் கையில் நின்றது. கோடு போட்ட டிராயரோடு தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடிய கைராசியை, காலேஜ் பையன்கள் மடக்கிப் போலீசிடம் சேர்த்தார்கள்.

காசிமாயன் தலை குனிந்து நின்றான். தாயத்தை அறுத்து எறிந்துவிட்டு மாட்டுக் கயிற்றைக் கையில் வாங்கினான். “வா, வீட்டுக்குப் போவோம்” என்றான் ஜெயக்கொடியிடம்.

திரும்பிப் பார்த்தால் கூட்டம் கலையவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் செவலையின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். போலிச் சாமியைப் பிடித்துக் கொடுத்த தெய்வப் பசு என்று ஒரு பேச்சு கிளம்பி, அதற்குள் முப்பது பேர் கை கூப்பி வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆள், “தாயே, என் கேசு வெள்ளிக்கிழமை வருது” என்று மாட்டிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏண்ணே, கும்புட்டது போதும். அந்தக் கையால ஒருக்கா ஒங்க மண்டையத் தட்டிப் பாருங்க, உள்ள யாராச்சும் இருக்காகளான்னு.”