ரெண்டு பஸ் நிறைய ஆள்

தலை நுழைந்தது. கை நுழைந்தது. வயிற்றுக்கு மேலே வந்ததும் பனியன் நின்றுவிட்டது.

'கம்பம் பள்ளத்தாக்கு ஓட்டம்' என்று நெஞ்சில் எழுதியிருந்த அந்தப் பச்சைப் பனியனைச் செல்வமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இழுத்தார். மூச்சை விட்டார். பனியன் சுருண்டு மேலே ஏறிக்கொண்டது.

"கிழிச்சிராதீக," என்றாள் மனைவி ஜான்சி, போர்வைக்குள் இருந்தபடியே. "மக வீட்டுல வேளைக்கு வேளை சீஸ வெட்டி வெட்டித் தின்னீகள்ல. அது உள்ள உக்காந்துக்கிட்டு விட மாட்டேங்குது."

"ஹாலந்துல திங்கிறதுக்கு வேற என்ன இருக்கு?"

"நானும் அங்கனதான இருந்தேன்? என் ஜாக்கெட்டெல்லாம் எனக்குப் பத்துதே!"

செல்வமணிக்குக் கம்பத்தில் மோட்டார் பம்பு, உதிரி பாகங்கள் விற்கிற கடை. வயது அறுபதை நெருங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஓட்டத்தில் பல வருடமாக ஒன்று விடாமல் ஓடியவர். ஒன்று விடாமல் கடைசியாக வந்தவர். அதற்கென்று ஒரு வேடிக்கைப் பேச்சும் வைத்திருந்தார். வழியில் யாராவது தண்ணீர் நீட்டினால், "மிச்சம் வையிம்மா, எனக்குப் பின்னால ரெண்டு பஸ் நிறைய ஆள் வருது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். அப்படிச் செய்தால் அவ்வளவாக வலிக்காது.

ஹாலந்தில் பேரனைக் கொஞ்சப் போயிருந்தபோதுதான் ஒரு ஓட்டம் தவறிப்போயிற்று. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் குரூப் போட்டோ வந்தது. கழுத்தில் பதக்கத்தோடு அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். செல்வமணி அதை விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே விளங்கவில்லை. எப்போதும் முன்வரிசையில் நிற்கிற, தண்ணீர் கொடுக்கிற பொன்னாத்தாள்கூட அதில் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

"ஒருத்தராச்சும் செல்வமணி எங்கனன்னு கேட்டாகளா பாரு," என்று ஜான்சியிடம் குறைப்பட்டார்.

"கடைசியா ஓட ஆளில்லைன்னா ஓட்டம் நின்னா போயிரும்?" என்றாள் அவள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மீன் முள் மாதிரி அது தொண்டையில் நின்றுகொண்டது. ஊருக்குத் திரும்பி ஓடுகிற முதல் ஓட்டத்தில் ஒரே ஒரு ஆளையாவது பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். அப்போதுதான் நாமும் கணக்கில் சேர்ந்த மனிதன்.

அந்த ஒரு ஆளையும் மனதுக்குள் தேர்ந்தெடுத்தாயிற்று. பத்திரப் பதிவு ஆபீசில் ஓய்வு பெற்ற சங்கரலிங்கம். நூறடிக்கு ஒருமுறை நின்று ஷூ கயிறு கட்டுகிறவர்.

பச்சைப் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, மருமகன் வாங்கித் தந்த ஆரஞ்சு நிறப் பனியனைச் செல்வமணி மாட்டினார். அந்த ஊர் அளவு. இன்னொரு செல்வமணி உள்ளே வந்தாலும் இடமிருக்கும்.

"ஆராதனைக்கு நேரத்தோட வந்து சேருங்க," என்றாள் ஜான்சி. "பின்னால வர்ற ரெண்டு பஸ்ஸுக்காகக் காத்து நிக்காதீக."

மார்கழி மாதம். கம்பம் சாலை நெடுக மலைக்குப் போகிற ஐயப்பமார் கூட்டம். மைதானத்துக்கு முன்னால் வேனை நிறுத்திக் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆரஞ்சுப் பனியனைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

"சாமி எந்தக் குரூப்பு?"

"நான் சர்ச்சுக்குப் போற ஆளுய்யா."

"எல்லாம் ஒண்ணுதான் சாமி. சாப்பிடுங்க." கையில் இரண்டு மலைவாழைப்பழமும் ஒரு கிளாஸ் சுக்குக் காபியும் வந்தன.

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஹாலந்தில் தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்வாய் ஓரமாகத் தனியாக ஓடியிருக்கிறார். எதிரே வருகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். எங்கே போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, ஒரு வாய் தண்ணீர் தந்தவரும் இல்லை. இங்கே பெயர் தெரியாதவர் பழத்தை உரித்தே கொடுக்கிறார். கண் கலங்க இரண்டையும் சாப்பிட்டார். நன்றி அதிகமாகி மூன்றாவதையும் சாப்பிட்டார்.

"அண்ணே! வந்துட்டீகளா!" ஓட்டத்தை நடத்துகிற மதன்குமார் ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஜிம் வைத்திருப்பவன், கட்டிக்கொண்டால் எலும்பு பேசும். "அப்பாடா! இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு!"

போட்டோவில் என்னைத் தேடாத பயலுக்கு இப்போது உயிர் வருகிறதாம். செல்வமணி ஒப்புக்கு ஒரு சிரிப்பு சிரித்து வைத்தார்.

விசில் ஊதினார்கள். கூட்டம் பறந்தது. சுருளிப்பட்டி சாலையில் செல்வமணியும் சங்கரலிங்கமும் வழக்கம்போல மிஞ்சினார்கள். சங்கரலிங்கம் குனிந்து கயிறு கட்டினார். செல்வமணி கண்ணை மூடிக்கொண்டு அவரைத் தாண்டினார்.

"ஓய், மெல்லப் போங்க! ஹாலந்து பெட்ரோலா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்த ஆனந்தம் ஒரு ஃபர்லாங் நீடித்தது. அதற்குள் வயிற்றுக்குள் மூன்று மலைவாழைப்பழங்களும் சுக்குக் காபியும் சீஸைச் சந்தித்துவிட்டன.

பக்கத்தில் சங்கிலியின் திராட்சைத் தோட்டம். செல்வமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் பாய்ந்தார்.

"என்னண்ணே, இம்புட்டு அவசரம்?" என்று கேட்ட சங்கிலி, அவர் முகத்தைப் பார்த்து மேலே கேட்கவில்லை. "மோட்டார் ரூமுக்குப் பின்னால இருக்கு, போங்க."

சாவகாசமாகத் திரும்பி வந்தபோது உடம்பு இறகாக இருந்தது. ஆனால் சங்கரலிங்கம் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார். பதற்றத்தில், வந்த பக்கம் திரும்பாமல் பந்தலின் மறுகோடி வழியாக வெளியே ஓடினார். அது வாய்க்கால் கரை. சுருளிப்பட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற பாதை. பாதிப் பேர்கூட இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை. ஊரைச் சுற்றாமலே தான் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது செல்வமணிக்கு உறைக்கவில்லை.

வாய்க்கால் மேட்டில் பொன்னாத்தாள் மேசை போட்டிருந்தாள். ஆரஞ்சுப் பனியனுக்குள் இருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் முகம் பூரித்தது.

"வந்துட்டாகய்யா எங்கண்ணே!" காகிதக் கப்பை விட்டுவிட்டுத் தன் சொந்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் முன்பே மிச்சத் தண்ணீரை வாழைக்குக் கவிழ்த்தாள். மேசையை மடக்கினாள். தாண்டிப் போனவர்களை எண்ணுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எண்ண வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"என்னம்மா கொட்டுற? சங்கரலிங்கம் போயிட்டாரா?"

"அவுகள நான் பாக்கலையே."

அப்போதுதான் செல்வமணிக்கு விளங்கிற்று. "ஐயோ, கொட்டாத! எனக்குப் பின்னால ஆள் வருது!"

பொன்னாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பஸ் நிறையத்தான?"

"சத்தியமா வருதும்மா! நான் தோட்டத்துக்குள்ள பூந்து குறுக்கால வந்துட்டேன்!"

"வெளிநாடு போயும் இந்தத் தமாசு மட்டும் மாறல பாருங்க." காலிக் கேன்களைக் கட்டி, மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டாள்.

நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே செல்வமணி மொபெட்டைத் துரத்தினார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. முச்சந்தியில் கயிறு கட்டி வண்டிகளைத் தடுத்து வைத்திருந்த தொண்டர், தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டு, "செல்வமணி அண்ணே வந்தாச்சு!" என்று கூவிக் கயிற்றை அவிழ்த்தார். வாழைத்தார் லாரியும், ஐயப்பமார் வேன்களும், வைக்கோல் டிராக்டரும் பாதைக்குள் புகுந்தன.

செல்வமணி இடுப்பில் கைவைத்து நின்றார். முன்னால் ஓட ஓட ஓட்டம் மூடிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் ஓடினால் பரிசளிப்பு முடிந்து மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அப்படியே போனால் சங்கரலிங்கத்தை முந்தலாம். பாதி ஊரையே முந்தலாம். கணக்கில் சேர இதைவிட நல்ல நாள் அமையாது.

ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். திரும்பித் தோட்டத்துக்கே ஓடினார்.

"சங்கிலி! மோட்டாரப் போடு! தண்ணி வேணும்!"

"உங்க கடையில வாங்குன மோட்டாருண்ணே. நான் சொன்னா அது கேக்காது."

செல்வமணி ஸ்டார்ட்டரை அமுக்கினார். மோட்டார் முனகியது. ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தான் விற்ற சரக்கின் குணம் அவருக்குத் தெரியும். தண்ணீர் வந்தது, வந்த வேகத்தில் குழாய் கையை உதறிக்கொண்டு, பாம்பு மாதிரி படமெடுத்துக் கரை முழுவதையும் நனைத்தது. வாய்க்கால் கரை வயல் மாதிரி ஆகிவிட்டது.

அதில்தான் கூட்டம் வந்து சேர்ந்தது. வழுக்கினார்கள், கத்தினார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் நின்று, கை குவித்துத் தண்ணீர் குடித்தார்கள். குழாயை ஒருவழியாக அடக்கிய செல்வமணி ஒவ்வொரு கையிலும் ஊற்றினார். சங்கிலி திராட்சைக் குலைகளை அறுத்து நீட்டினார்.

"இந்தத் தடவை ஏற்பாடு பிரமாதம்!" என்றபடி வாய் நிறையத் திராட்சையோடு ஒருவர் ஓடினார்.

ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் சங்கரலிங்கம் வந்தார். சேற்றுக்கு முன்னால் நின்று கயிறு கட்டக் குனிந்தார். அப்படியே வழுக்கிச் சேற்றுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"கால் பிசகிருச்சுய்யா," என்றார் சேற்றுக்குள்ளிருந்து.

செல்வமணி அவரைத் தூக்கி நிறுத்தித் தோளில் கைபோட வைத்துக்கொண்டார். லாரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி ஒதுங்கி இருவரும் மைதானத்தை நெருங்கினார்கள். கோட்டுக்குப் பத்தடி இருக்கையில் சங்கரலிங்கம் தோளிலிருந்த கையை உருவிக்கொண்டு, பிசகிய காலோடு ஒரே பாய்ச்சலில் கோட்டைத் தாண்டினார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் திரும்பிப் பார்த்து. "பழக்க தோசம்."

'செல்வமணி வந்தாச்சு' என்ற செய்தி மைதானத்துக்கு முன்பே வந்துவிட்டதால், வரவேற்பு வளைவு காற்றுப் போய்த் தரையில் கிடந்தது. பதக்கப் பெட்டிகள் லோடு ஆட்டோவில் ஏறியிருந்தன. சேறு பூசிய ஓட்டக்காரர்கள் மதன்குமாரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். விவரம் தெரிந்து பொன்னாத்தாள் மொபெட்டில் மறுபடி கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள்.

செல்வமணி கையைத் தூக்கினார்.

"தப்பு என் மேலதான். தம்பியவும் பொன்னாத்தாளையும் சொல்லாதீக." இந்த முறை முந்திக்கொண்டு சிரிக்க அவருக்கு மறந்துவிட்டது. "நான் இல்லாதப்ப எம்புட்டு அழகா நடந்துச்சு! போட்டோவுல பாத்தேன், எல்லாரும் சிரிச்ச முகமா நின்னீக. இனிமே நான் வீட்டுலயே இருந்துக்கிறேன். ஓட்டமாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்."

மதன்குமார் தலையைச் சொறிந்துகொண்டு பொன்னாத்தாளைப் பார்த்தான். அவள் எவர்சில்வர் தம்ளரை அலசி, நிறைய மோந்து, செல்வமணியிடம் நீட்டினாள்.

"அந்தப் போட்டோவுல நான் இருந்தேனாண்ணே?" என்றாள். "நீங்க வெளிநாடு போன சங்கதிய ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. எங்கண்ணே இன்னும் வரலையே, வந்தா தண்ணிக்கு என்ன செய்வாகன்னு, வெளக்கு வைக்கிற வரைக்கும் அந்த வாய்க்கா மேட்டுலதான் நின்னேன்."