எலி பார்க்க வருகிறார்

"எலியே இல்லன்னா எப்பிடிம்மா?"

"நீதானே சாரு புடிக்கச் சொன்ன? புடிச்சாச்சு," என்றாள் செங்கம்மாள்.

மணவாளன் வரப்பில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எதிரே ஊராட்சித் தலைவர் பூவராகவனின் கடலைக் கொல்லை விரிந்து கிடந்தது. எந்த எலி வளையின் வாயிலும் புதுமண் இல்லை. வேறு நாளாக இருந்தால் அவருக்குப் பெருமையாக இருந்திருக்கும். இன்று ஒரு வளையிலாவது எலி இருக்காதா என்று தேடினார்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எலி ஒழிப்புத் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து, பிழைப்பு இல்லாமல் தவித்த இருளர் குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தார். வயல் எலி பிடிப்பது அவர்கள் வேலை, தினக்கூலி கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. சங்கத்துக்குத் தலைவி செங்கம்மாள். எல்லாம் ஓராண்டுச் சோதனைக்காக. அந்த ஆண்டு முடியப்போகிறது. மேலே நடத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய இணை இயக்குநர் நாளைக் காலையில் மெட்ராஸிலிருந்து வருகிறார்.

அந்தச் செய்தி வந்த டிரங்க் காலை எடுத்தவர் ஆபீஸ் குமாஸ்தா துளசிராமன்.

"எலி விஷயமா நேர்ல பாக்க வர்றாராம் சார். லைன்ல ஒரே கரகரப்பு. எலின்றது மட்டும் நல்லா காதுல உழுந்துச்சு."

எலி பார்க்க வருகிறவருக்கு எலி காட்ட வேண்டாமா? செங்கம்மாள் வளையில் புகை ஊத, எலி மறுபக்கம் பாய்ந்து வந்து வலையில் விழும். அதைப் பார்த்துவிட்டால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிடுவார். காட்டத்தான் எலி இல்லை.

"பக்கத்து ஊர்ல இருக்குமா?"

"அங்கியும் நாங்கதான் புடிச்சோம்."

"அதுக்கும் அந்தாண்ட?"

"ஊத்துக்கோட்டை ரோடு வரைக்கும் தொடச்சாச்சு சாரு. இனிமே ஆந்திராவுக்குத்தான் போவணும்."

சொல்லிவிட்டு அவள் கடப்பாரையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.

"திட்டம் நின்னுபோச்சுன்னா மறுபடி ரைஸ்மில்லு களத்துக்குத்தான் போவணும். எம்பொண்ணு இப்பதான் இஸ்கூலுக்குப் போவுது."

மணவாளன் சட்டென்று நிமிர்ந்தார். ரைஸ்மில் என்ற சொல்லிலேயே அவர் மனம் நின்றுவிட்டது. நெல் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் போகுமா?

புதுவாயல் ரைஸ்மில் முதலாளி ஆதிகேசவன், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

"எலி வேணுமா? நைனா, நீ நல்லா இருக்கணும். எத்தினி மூட்டை வேணும்?"

"ரெண்டு போதும்."

"மூணா எடுத்துக்கினு போ. திருப்பி மட்டும் கொண்டாந்துடாத."

மில் ஆட்கள் மத்தியானம் வரை பிடித்துப் பிடித்துக் கோணியில் போட்டார்கள். மணவாளன் மூட்டைகளோடு பஸ் ஏறினார். கண்டக்டர் காலால் ஒரு மூட்டையைத் தள்ளிப் பார்த்தார்.

"இன்னா சார் இதுல?"

"விதை நெல்லு."

மூட்டை கீச்சென்றது.

"விதை நெல்லு கத்துது?"

"முளை வுட்டிருக்கு," என்றார் மணவாளன். பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது.

கண்டக்டர் மூட்டையிலிருந்து காலை இழுத்துக்கொண்டார். விசில் ஊதி, நிறுத்தமே இல்லாத ஒரு வேப்பமரத்தடியில் அவரையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டார். மிச்ச தூரத்தை ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கிக்கொண்டு, இப்படியே கடந்தார்.

செங்கம்மாளும் சங்கத்து ஆட்களும் மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"புடிச்சித்தான் பழக்கம். வுட்டுப் பழக்கம் இல்ல சாரு," என்றாள் அவள்.

"ஒரு நாளைக்குத்தாம்மா."

பொழுது சாய்வதற்குள் எலிகளையெல்லாம் கொல்லையின் பழைய வளைகளில் விட்டு, வாயைச் சேற்றால் அடைத்தார்கள். காலையில் அதிகாரி முன்னால் திறந்தால் போதும். அன்று மணவாளன் கொஞ்சம் நிம்மதியாகவே சாப்பிட்டார்.

காலையில் துளசிராமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், நேத்து நான் சொன்னது கொஞ்சம் ராங்கு."

"என்ன ராங்கு?"

"மறுபடி போன் வந்துச்சு. இன்னிக்கு லைன் சுத்தம். இந்த ஊராட்சியில எலியே இல்லன்னு நாம ரிப்போர்ட் அனுப்பிச்சோம் இல்ல? அது நெசமான்னு பாக்கத்தான் வர்றாராம். ஒரு எலி கண்ணுல படக் கூடாது. பரிசு கிரிசு குடுப்பாரு போல இருக்கு சார்."

மணவாளன் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். 

"எத்தனை மணிக்கு வர்றாரு?"

"கெளம்பிட்டாராம்."

கொல்லைக்கு ஓடினார். செங்கம்மாள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அடைத்த வளைகளெல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

"அப்பாடா, போயிடுச்சா?"

"போயிடுச்சு சாரு. எங்க போச்சுன்றதுதான் பேஜாரு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பூவராகவன் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது.

வரவேற்பு ஏற்பாடு செய்திருந்ததே அந்த ஓட்டு வீட்டில்தான். தலைவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் மேல் நின்றிருந்தார். மில்லில் கூரைக்கடியில் வளர்ந்த எலிகள் மண்ணில் தங்காமல் கூரை தேடி வந்திருந்தன. உத்திரத்தில் வரிசையாக ஓடின. கடலை மூட்டையில் ஏறி இறங்கின.

"மணவாளன், இன்னாய்யா இது? நேத்து வரைக்கும் ஒண்ணு கூட இல்ல. இன்னிக்குப் பூஜை ரூமுல தேங்காயத் தின்னுக்கினு கீது."

"நான் பாத்துக்கறேன் தலைவரே."

செங்கம்மாளும் ஆட்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்த வீட்டில் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி அவர்கள் வந்தது கிடையாது.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

"வாம்மா. எல்லாரும் வாங்க," என்றார் தலைவர் பெஞ்சின் மேலிருந்தே. "நல்ல நேரம்லாம் பாக்க வேணாம், ஓடி வாங்க."

கீழே ஓடியவற்றைக் கையாலேயே பிடித்துவிட்டார்கள். உத்திரத்தில் இருந்தவை இறங்கவில்லை. புகை போட்டால் இறங்கும் என்றார் மணவாளன். புகைச் சட்டியை உள்ளே கொண்டுவந்து ஊதினார்கள். எலி இறங்கவில்லை. ஓட்டு இடுக்கு வழியாகப் புகை மட்டும் வெளியே போனது. அதைப் பார்த்துவிட்டு, தலைவர் வீடு பற்றிக்கொண்டது என்று ஊரே குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தது.

"தீ இல்ல, தீ இல்ல. திரும்பிப் போங்க," என்று மணவாளன் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றபோது ஜீப் வந்தது.

இணை இயக்குநர் ஒல்லியானவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. புகையையும் குடங்களையும் ஒரு முறை பார்த்தார்.

"என்ன புகை?"

"ஹோமம் சார். நீங்க வர்றதுக்காக."

"எனக்கு எதுக்கு ஹோமம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார்.

தலைவர் பெஞ்சிலிருந்து இறங்கி, அதிலேயே அவரை உட்காரவைத்தார். நாஷ்டா வந்தது. மணவாளன் இலையைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை, உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை குடித்த எலிகள் மேலே தள்ளாடிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டார்.

அதிகாரி இரண்டாவது இட்லியைப் பிட்டபோது முதல் எலி சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது. இரண்டாவது அவர் மடியில் விழுந்தது. பிறகு மழை விட்ட பின் மரத்திலிருந்து சொட்டுவதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்துகொண்டே இருந்தன.

செங்கம்மாள் குனிந்து, மடியில் கிடந்ததை வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஒண்ணும் பண்ணாது சாரு. நீ சாப்புடு."

அதிகாரி கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"எலியே இல்லைன்னு ரிப்போர்ட் வந்ததே?"

"நேத்து வரைக்கும் இல்ல சார்," என்றார் மணவாளன்.

"ஒரே நாளில் எப்படி?"

"வந்துடுச்சு சார்." பொய் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் வந்தன என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

அதிகாரி எழுந்தார். கை கழுவிக்கொண்டு தலைவரைக் கூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அங்கே கையை நீட்டி நீட்டி ஏதோ பேசினார். தலைவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மணவாளன் ஜீப்பின் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தார். பரிசு போனது கிடக்கட்டும். பொய் ரிப்போர்ட் என்று இனி வேலைக்கே உலை வைப்பார்கள். செங்கம்மாள் புகைச் சட்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"மில்லுக்கு எப்பத்திலேர்ந்து போவணும் சாரு?"

அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கொல்லைப் பக்கமிருந்து தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் தானியேல் திரும்பினான்.

"இன்னா சார், மூஞ்சி இப்பிடிக் கீது?"

"எல்லாம் போச்சுப்பா. எலியைப் பாத்துட்டாரு."

"பாத்ததாலதான் சார் பொழச்சீங்க," என்றான் தானியேல். "எலிதான் ஒழிஞ்சிபோச்சே, இனிமே திட்டம் எதுக்குன்னு இழுத்து மூடத்தான் மெட்ராஸ்லேர்ந்து கெளம்புனாரு. இப்ப இன்னும் மூணு வருசம் நடத்தியே ஆவணும்னு அங்க தலைவராண்ட சொல்லிக்கினு கீறாரு."