தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒப்பித்த கணினி

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

காங்ஷானிலிருந்து தம்பி மிங்-ஃபா வணங்கி எழுதுவது. இங்கே வெயில்தான் கொடுமை, மற்றபடி சௌகரியம். தைனானில் நீங்களும் அண்ணியும் காலையில் பால்மீன் கஞ்சி குடித்துத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திருகாணித் தொழிற்சாலையில் கணினி பார்க்கும் வேலை நம் பெண் பெய்-ஷ்வானுக்குச் சரிவராது, ஊருக்கே அனுப்பிவிடு என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய் மாலை, லேபிள் அச்சடிக்கும் லினக்ஸ் கணினி எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்களாக அச்சடிக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சரக்கைக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். மேலாளர் லியாவ், "உங்க அண்ணன் பொண்ணு என்னத்தையோ நோண்டிட்டா. வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா மூட்டை கட்டச் சொல்லு" என்று என்னிடமே சொல்லிவிட்டார். கிடங்குப் பொறுப்பாளனாயிற்றே, நான் சும்மா இருப்பேனா? கணினி சொன்னபடி கேட்பதற்காக நம்மூர் வழக்கப்படி அதன் தலையில் வைத்திருக்கும் பச்சை நொறுக்குப் பொட்டலத்தைப் பார்த்தால், காலாவதியாகி இரண்டு மாதம்! ஓடிப்போய்ப் புதிது வாங்கி வைத்தேன். அவசரத்தில் மஞ்சளை வாங்கியிருக்கிறேன். மஞ்சள் வைத்தால் இயந்திரம் படுத்துவிடும் என்று பேக்கிங் பெண்கள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள்.

பெய்-ஷ்வான் மட்டும் சிரிக்கவில்லை. "பொட்டலத்த அப்புறம் பாப்போம் சித்தப்பா. உள்ள என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு முதல்ல இதுகிட்டயே கேப்போம்" என்றாள்.

"அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதுக்குத் தெரியாம ஒண்ணும் உள்ள போகாது, வெளிய வராது."

ஒரே ஒரு வரி தட்டினாள் அண்ணா! ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. இரண்டாம் கிடங்கில் இருக்கும் அதே மாதிரிக் கணினியிடமும் பட்டியல் வாங்கி, இரண்டையும் ஒத்துப் பார்த்தாள். இங்கே ஒன்று குறைந்தது: சீன எழுத்துரு. அதை மறுபடி ஏற்றியதும் லேபிளில் எழுத்து வந்தது, எனக்குக் கண்ணீர் வந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளாவது என் கிடங்கில் என்ன இருக்கிறதென்று இப்படிச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

மேலாளர் மெல்ல நகரப் பார்த்தார். நான் விடவில்லை. "எம்பொண்ணு மேல பழி போட்டீங்கல்ல? அத எடுத்த பாவி யாருன்னு தெரிஞ்சாகணும்!" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

"வேணாம் சித்தப்பா, அதான் சரியாயிடுச்சே" என்றாள், என்ன பெருந்தன்மை! நான் மேசையைத் தட்டினேன். யார் எப்போது எதை எடுத்தார்கள் என்றும் அந்தக் கணினி எழுதி வைத்திருக்குமாம். மேலாளர் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார்.

ஆகவே தங்கமான பெண்ணைத் திரும்ப அழைக்காதீர்கள். அண்ணிக்கு என் வணக்கம். முன்னோர் பீடத்தில் எனக்காகவும் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சாய் மிங்-ஃபா

பி.கு.: பதிவு வந்துவிட்டது. செவ்வாய், எல்லாரும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் பகல் நேரம். 12.38: எழுத்துரு நீக்கம். 12.41: மாஜாங் விளையாட்டு நிறுவல். செய்தவர்: சாய் மிங்-ஃபா. இடம் போதவில்லையே என்று, பெயர் தெரியாத எதையோ எடுத்தேன், அவ்வளவுதான். பெய்-ஷ்வானுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தைனானில் என் வயதுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரித்து உடனே எழுதவும்.