டப்பா பாயும் நாலு ஏலக்காயும்

கடலுக்கடியில் படமெடுக்கும் பெட்டியைக் கடலையே பார்க்காத ஒருவர் வைத்திருந்த ஊர், உலகத்திலேயே எங்கள் போடிநாயக்கனூர் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. ஸ்டுடியோ வைத்திருந்த டப்பா பாய் என்றால்தான் தெரியும்.

துபாயிலிருந்து வந்த அவர் மச்சினர், கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்றையும், அதை உள்ளே வைத்துப் பூட்டினால் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே ஸ்டுடியோ தொட்டியிலிருந்த மீன்கள் குடத்துக்குக் குடிபெயர்ந்தன. தொட்டியில் கேமரா மூழ்கிக் கிடந்தது. வருகிறவர்கள் அதைப் பாராட்டிய பிறகுதான் பாஸ்போர்ட் படம்.

பெட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு தலைமுடி ஒட்டினாலும் தண்ணீர் புகுந்துவிடுமாம். அதனால் பெட்டியைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துவார், சுற்றி நிற்பவர்களை மூச்சை அடக்கச் சொல்வார். அந்த நேரம் பார்த்துத் தும்மிய ஒரு கல்யாண மாப்பிள்ளை, கழுத்து மாலையோடு தெருவில் நிற்க நேர்ந்தது. ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

என் அம்மா முப்பது வருடம் ஜீப்பில் மலைமேல் போடிமெட்டுக்குப் போய் ஏலக்காய் பறித்தவள். பறிக்கிற பருவத்தில் அங்கே மழை விடாது. என் போன்கூட அங்கேதான் நனைந்து செத்தது. அதனால் வேலை செய்கிற கோலத்தில் அவளுக்கு ஒரு படமும் இல்லை. முழங்கால் வலி தாங்காமல், நாளையோடு வேலையை விடுகிறேன் என்றாள். பாயிடம் ஓடினேன்.

"மழ பெய்யுமா?" என்று கேட்டார்.

"கொட்டும் பாய்."

"அப்ப வர்றேன்."

மறுநாள் ஜீப்பில், பெண்களுக்கு நடுவே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேலே நல்ல மழை. ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. ஆனால் பெட்டியின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. போடி வெக்கையில் அடைத்த காற்று மலைக் குளிரில் உள்ளேயே வேர்த்துவிட்டது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் ஓடி, திறந்து, துடைத்து மூடினார். மறுபடியும் வெள்ளை. மணி மூன்று. நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும், அம்மாவுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை. பாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இடுப்புக் கூடையோடு அம்மா எட்டிப் பார்த்தாள். "ஸ்டோர்ல காயவச்சு எறக்குன காயி ஈரத்த வெரசா இழுத்துக்கிரும்ல பாய். நாலு காய உள்ள போட்டு மூடுங்க."

சுடச்சுட நாலு காயைக் கேமராவின் ஓரங்களில் செருகினார். நாங்கள் மூச்சடக்கி நிற்க, பெட்டியை மூடினார். கால் மணி நேரம் மழையில் நின்ற பிறகும் கண்ணாடி துளி மங்கவில்லை.

அன்று எடுத்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்தி, கை நிறையப் பச்சைக் காயோடு, அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். இதுதான் என் அம்மா செய்த வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவேன். எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

தண்ணீரே புகாத அந்தப் பெட்டிக்குத் தன் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நின்ற பாயைப் பார்த்துத்தான். அவரை அன்று யாரும் ஒரு படம் எடுக்கவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.